மறு: டயோனிசஸ் வழிபாட்டுக்கு என்ன கலைச்சொல்?

> "மிஸ்டரி கல்ட்" என்பதற்கு மர்ம வழிபாடு, டயோனிசஸுக்கு மட்டும் மதுக்கடவுள் வழிபாடு என்று வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. மர்மம் என்றதும் துப்பறியும் கதைதான் நினைவுக்கு வருகிறது, அதை விட்டுவிடலாம். டயோனிசஸ் கிரேக்கரின் மதுக்கடவுள் என்பதில் பிழையில்லை, ஆனால் அது போதாது. ஏதென்ஸில் ஊரறிய நடந்த நாடக விழாக்களும் அதே கடவுளுக்குத்தான். நாம் பெயர் தேடுவதோ, தீட்சை பெற்றவர்கள் மட்டும் கூடி, வெளியே சொல்லாமல் செய்த சடங்குகளுக்கு.

அவற்றில் மறுமை பற்றிய நம்பிக்கை வலுவாக இருந்தது. கிரேக்கத்தில், தெசாலியின் பெலின்னாவில் ஒரு பெண்ணின் கல்லறையில், ஐவி என்னும் படர்கொடியின் இலை வடிவில் வெட்டிய பொன்தகடுகள் கிடைத்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. பாக்கஸே (டயோனிசஸின் இன்னொரு பெயர்) உன்னை விடுவித்தான் என்று பாதாள அரசி பெர்செபோனியிடம் போய்ச் சொல், என்கிறது வாசகம். மதுவும் அதில் வருகிறது, ஆனால் முக்கியம் அந்த விடுதலைதான்.

களியாட்டம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது ரோமில் எதிராளிகள் சுமத்திய பழி. கி.மு. 186இல் இந்த வழிபாட்டைக் கட்டுப்படுத்தி ரோமின் ஆட்சி மன்றமான செனட் பிறப்பித்த ஆணை வெண்கலப் பட்டயமாக இன்றும் வியன்னாவில் இருக்கிறது. ஆண் பூசாரி கூடாது, பொது நிதி கூடாது, ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொள்ளக் கூடாது. அனுமதி இல்லாமல் ஆண்கள் இருவர், பெண்கள் மூவருக்கு மேல் சேர்ந்து சடங்கு செய்யக் கூடாது. குடியைப் பற்றி அதில் பேச்சே இல்லை! அரசு பயந்தது அமைப்பாகச் சேர்வதைக் கண்டுதான்.

ஆகவே என் பரிந்துரை: "மிஸ்டரி கல்ட்" என்பதற்குப் பொதுவாக மறைத்தீக்கை வழிபாடு (தீக்கை என்றால் தீட்சை), இதற்கு டயோனிசஸ் மறைத்தீக்கை. எலூசிஸ், மித்ராஸ் போன்ற பிற மறைவழிபாடுகளுக்கும் இதுவே பொருந்தும். தீக்கை சைவச் சொல்லாயிற்றே என்றால், ஆமாம், அதனால்தான் வாசகருக்கு உடனே புரியும்.

> மேனாடுகள் ஆடியதை வெறியாட்டு எனலாம்.

முதலில், டயோனிசஸின் பெண் அடியார்களை மேனாடு என்று ஒலிபெயர்த்தால் மேல்நாடு என்று படித்துவிடுவார்கள். வெறியாட்டும் சரியாக வராது. சங்கப் பாடல்களின் வெறியாட்டில் தலைவியின் நோய்க்காக முருகன் பூசாரியான வேலன் ஆடுகிறான். இங்கே பெண்களே கூட்டமாக மலையேறுகிறார்கள். கிரேக்கத்தில் டெல்பிக்கு மேலே பர்னாசஸ் மலையில் ஓராண்டு விட்டு ஓராண்டு, அதுவும் குளிர்காலத்தில். குறிஞ்சிப்பாட்டில் "அணங்குறு மகளிர் ஆடுகளம்" என்றே வருகிறது. தெய்வம் ஏறிய பெண்கள், பன்மையில், ஆடும் களத்தோடு. இதைவிட என்ன வேண்டும்? அணங்குறு மகளிர் என்று அப்படியே எடுத்துக்கொள்வோம். சாமியாடிகள் என்பதும் எனக்குப் பிடித்ததுதான், ஆனால் ஆண்களும் அதில் அடங்கிவிடுவார்கள்.

அப்புறம், அவர்கள் கையில் பிடிக்கும் தைர்சஸ் பாக்கி இருக்கிறது. சோம்பு இனத்துச் செடியின் நீண்ட தண்டு, உச்சியில் பைன் காய், சுற்றிலும் ஐவி. கொடிக்கோல் என்றால் கொடிக்கம்பம் ஆகிவிடுமா? யாராவது சொல்லுங்கள்.