பிறந்ததும் அழாத குழந்தை: மூளையைக் காப்பாற்ற ஊசி இருக்கிறதா?

தாய்மாமன்:
தங்கைக்கு நேற்று பிரசவம். குழந்தை பிறந்ததும் அழவில்லை, மாஸ்க் வைத்து பம்ப் செய்த பிறகுதான் மூச்சு வந்ததாம். எச்.ஐ.இ. ஸ்டேஜ் 2 (ஆக்சிஜன் கிடைக்காமல் மூளைக்கு நடுத்தர அளவு பாதிப்பு) என்று சொல்லி, குளிர்விக்கும் மெத்தையில் 33.5 டிகிரியில் வைத்திருக்கிறார்கள், மூன்று நாள் அப்படியே இருக்க வேண்டுமாம். இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர், எரித்ரோபொய்டின் (ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஹார்மோன்) ஊசி போட்டால் மூளை பிழைத்துவிடும், கேட்டு வாங்கிப் போடுங்கள் என்று உயிரை எடுக்கிறார். கேட்கட்டுமா?

குழந்தை டாக்டர்:
வேண்டாம் சார். விலங்குகளில் நன்றாக வேலை செய்த மருந்துதான், எங்களுக்கும் பெரிய ஆசை இருந்தது. அமெரிக்காவில் சுமார் 500 குழந்தைகளுக்கு, கூலிங்கோடு சேர்த்து, பாதிப் பேருக்கு இந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் சலைன் கொடுத்துப் பார்த்தார்கள் (ஹீல் ஆய்வு, 2022). இறப்பு அல்லது வளர்ச்சிக் குறைபாடு ஊசி போட்டவர்களில் 52.5%, போடாதவர்களில் 49.5%. பக்கவிளைவும் கூடுதல். பிரிட்டனில் செனான் வாயுவைக் கொடுத்துப் பார்த்ததும் இப்படித்தான் போனது. ஆக்சிஜன் திரும்பக் கிடைத்த சில மணி நேரம் கழித்து மூளை செல்கள் இரண்டாவது தடவை சாக ஆரம்பிக்கும், அதைத் தடுக்கத்தான் ஆறு மணி நேரத்துக்குள் கூலிங் தொடங்குகிறோம்.

சும்மா ஒருவன்:
அந்தக் கூலிங்கே நம்ம ஊருக்கு ஆகாது என்று படித்தேனே?

குழந்தை டாக்டர்:
ஹீலிக்ஸ் ஆய்வைச் சொல்கிறீர்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள், 2021இல் வெளிவந்தது. குளிர்வித்தவர்களில் 42% இறந்தார்கள், மற்றவர்களில் 31%. லேசில் ஒதுக்கிவிட முடியாத முடிவு, எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓடுகிறது. ஆனால் அதைக் காட்டி, ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சையை நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்.

என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) நர்ஸ்:
அண்ணா, ஃபிட்ஸ் வந்தால் ஃபீனோபார்பிடோன் போடுவார்கள், அது ஃபிட்ஸை நிறுத்தத்தான், குழந்தை தூங்கி வழியும், பயந்துவிடாதீர்கள். சுகர் இறங்காமல், மறுபடி சூடேற்றும்போது காய்ச்சல் வராமல் பார்ப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எப்போது என்று மட்டும் கேட்டு வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் (வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் இடம்) பதிந்துவிடுங்கள், குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும்.

தாய்மாமன்:
சரிம்மா. அந்தச் சொந்தக்காரர் போனை இனி எடுப்பதாக இல்லை.