மறுமொழி: குவேக்கர் கட்டுரை – 'உள்ளொளி' போதுமா?

> குவேக்கர் = நடுங்கியர்
> இன்னர் லைட் = உள்ளொளி
> இரண்டும் எளிமை. இப்படியே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா,

குவேக்கர் என்னும் கிறிஸ்தவக் குழுவினர் பற்றிய கட்டுரைக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களைப் பற்றியே இந்த மறுமொழி. முதல் சொல்லை முதலில் முடித்துவிடுகிறேன். நடுங்கியர் வேண்டாம். நேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. 1650இல் இங்கிலாந்தின் டார்பியில், இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸை விசாரித்த நீதிபதி, 'ஆண்டவரின் வார்த்தைக்கு நடுங்குங்கள்' என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வைத்த ஏளனப் பெயர் அது. ஆனால் தமிழில் 'நடுங்கி' என்றாலே தொடைநடுங்கிதான் முன்னால் வந்து நிற்பான். நீதிமன்றத்தில் தொப்பியைக் கழற்ற மாட்டோம், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டோம் என்று சிறைக்குப் போனவர்களுக்கு இந்தப் பெயரா? குவேக்கர் என்றே இருக்கட்டும். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பெயருக்கு நண்பரைவிடச் சிநேகிதர் மேல். அவர்கள் சுட்டிக்காட்டும் யோவான் 15:14, தமிழ் வேதாகமத்தில் 'என் சிநேகிதராயிருப்பீர்கள்' என்றுதான் முடிகிறது.

சரி, உள்ளொளிக்கு வருவோம். ஒவ்வொரு மனிதருக்கும் கிடைப்பதாகக் குவேக்கர்கள் நம்பும் தெய்வ ஒளியைத்தான் 'இன்னர் லைட்' என்கிறார்கள். அழகான சொல், சிக்கலே அதில்தான். உள்ளொளி என்றதும் சித்தர் பாடல் காதில் விழுகிறது, இல்லாவிட்டால் மனசாட்சி என்று படுகிறது. இரண்டிலும் விளக்கு மனிதனுக்குள்ளேயே, தானாக எரிகிறது.

பழைய குவேக்கர்கள் 'இன்வர்ட் லைட்' என்றார்கள். 'இன்னர் லைட்' பரவலானது பிற்பாடுதான். இன்னர் என்பது இடம், இன்வர்ட் என்பது திசை. குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்ளே 1676இல் லத்தீனில் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் உவமை உண்டு: மனசாட்சி லாந்தர்க் கூடு, கிறிஸ்துவின் ஒளி அதற்குள் ஏற்றிய மெழுகுவத்தி. வத்தி எரியாவிட்டால் கூட்டால் பயனில்லை. நம் 'உள்ளொளி' கூட்டையும் வத்தியையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இது வெறும் சொல்நுணுக்கம் இல்லை. பெரும்பாலான குவேக்கர்களிடம் தண்ணீர் ஞானஸ்நானம் கிடையாது, அப்பமும் திராட்சரசமும் கிடையாது, விசுவாசப் பிரமாணம் சொல்வதும் கிடையாது. இவற்றின் உண்மை உள்ளே நடக்கிறது, வெளி அடையாளம் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. இதெல்லாம் இல்லாதவர்களை எப்படிக் கிறிஸ்தவர்களாக எண்ணுவது என்று மற்ற சபைகள் கேட்டபோது, பழையவர்கள் பற்றிக்கொண்டது யோவான் 1:9: 'எந்த மனுஷனையும் பிரகாசிப்பிக்கிற ஒளி'. ஒளி கிறிஸ்துவுடையது, மனிதனுடையது அல்ல. அதை நாம் 'உள்ளொளி' என்று எழுதினால், இவர்கள் கிறிஸ்தவத்துக்கு வெளியே நிற்பவர்கள் என்று வாசகர் முதல் பத்தியிலேயே முடிவு கட்டிவிடுவார்.

இந்தச் சண்டை அவர்களுக்குள்ளேயே நடந்ததுதான். 1887இல் அமெரிக்காவில் இண்டியானாவின் ரிச்மண்டில் கூடிய குவேக்கர்கள், மனித மனத்தில் இயல்பாகவே இருக்கும் ஆவிக்குரிய ஒளி என்று எதையும் ஏற்கவில்லை என அறிக்கையில் எழுதினார்கள். உள்ளொளி என்றதும் நமக்குத் தோன்றும் பொருள் அதேதான்! மறுபக்கம், இன்று பிரிட்டனில் கடவுள் நம்பிக்கையே இல்லாத குவேக்கர்களும் உண்டு. அவர்களுக்கு உள்ளொளி கச்சிதமாகப் பொருந்தும். குவேக்கர்களின் எண்ணிக்கையில் முதலிடம் கென்யாவுக்கு. அங்கே போதகர், பாட்டு, பிரசங்கம் எல்லாம் உண்டு, குவேக்கர் என்றதும் நினைவுக்கு வரும் மௌன வழிபாட்டைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். இக்காலப் பொருளுக்கு உள்ளொளி. பழைய பொருளுக்கு என் பரிந்துரை உட்பாயொளி. 'உள்ளுறை ஒளி' என்றும் யோசித்தேன். சங்கப் பாடல்களின் உள்ளுறை உவமம் நினைவுக்கு வருவது போகட்டும், உறைதல் என்றால் அங்கேயே தங்கியிருப்பது என்றாகிவிடும். அகவொளியிலும் அதே குறை. உட்பாயொளி வாயில் நுழையவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். அப்படியானால் 'உள்ளே பாயும் ஒளி' என்று விரித்தே எழுதுங்கள், திசை மட்டும் கெடக்கூடாது.

> சென்ஸ் ஆஃப் த மீட்டிங் = ஒருமனதான தீர்மானம்

இதையும் ஒருமுறை பாருங்கள். குவேக்கர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டத்தில் வாக்கெடுப்பே கிடையாது. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று, அதை நடத்தும் எழுத்தர் உணர்ந்து, அங்கேயே குறிப்பு எழுதி வாசிப்பார். சொல் சரியில்லை என்றால் உட்கார்ந்திருப்பவர்கள் அப்போதே திருத்துவார்கள். மனம் முழுதாக ஒப்பாதவர் வழிவிட்டு ஒதுங்கியிருக்கலாம், அதனால் 'ஒருமனதான' நிற்காது. 'அவையுணர்வு' என்று ஒன்று மனதில் ஓடுகிறது, அப்புறம் தனி இழையில் எழுதுகிறேன்.