முதல் குளிர்காலம் யாரோடு: நம்ம பசங்க வீடா, மாணவர் விடுதியா?

பாமணியாறு: மன்னார்குடிப் பக்கம். அக்டோபரில் ஜெர்மனி போகிறேன், கெம்னிட்ஸில் முதுகலை. தங்க இரண்டு இடம் அமைந்திருக்கிறது. ஒன்று, நம்ம ஊர்ப் பசங்க நாலு பேர் இருக்கும் வீடு, ஓர் அறையில் பாதி எனக்கு. இன்னொன்று மாணவர் விடுதி. தனி அறை, சமையலறை மட்டும் பொது, பல நாட்டுப் பிள்ளைகள். வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பா பசங்களோடு இரு என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குடமுருட்டி: அப்பா சொல்வதைக் கேள் தம்பி. கடன் போட்டுத்தானே போகிறாய்? நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நம்ம பக்கம் ஆறு மா நஞ்சை இருந்தாலும் கல்விக்கடனுக்கு அதைப் பெரும்பாலும் அடமானமாக எடுக்க மாட்டார்கள். கடன் நின்றால் நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விடலாம் என்கிறது 2002 சர்ஃபேசி சட்டம்; விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது. அதனால் வீட்டுப் பத்திரம்தான் வங்கிக்குப் போகும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை இல்லை என்று சந்தோஷமாக இருப்பீர்கள், வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வாடகையில் மிச்சம் பிடிக்காமல் வேறு எதில் பிடிப்பாய்?

அரசலாறு: ஐயா, வாடகையோடு கணக்கு முடிந்துவிடுமா? விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ போட்டிருப்பான், மாதம் 992 கைக்கு வரும். கெம்னிட்ஸ் மாதிரி வாடகை குறைந்த ஊரில் விடுதி, காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும். மியூனிக் என்றால் நானே பசங்க வீட்டுக்குப் போ என்பேன். என் கவலை வேறு. காலையில் தமிழ், சமையலறையில் தமிழ், ராத்திரி படமும் தமிழ். வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் தேவையே படாது. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம்தான் தருவார்கள். அங்கே நடுத்தர நிறுவனங்களில் ஜெர்மன் தெரியாமல் நேர்காணல் வரை போவதே கஷ்டம். நீங்கள் சொன்ன தவணையும் அதே நேரத்தில்தான் வாசலில் வந்து நிற்கும்.

வெட்டாறு: நான் இப்போது அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறேன் (வேறு நகரம்). அண்ணன் சொல்வதெல்லாம் பகலுக்குச் சரி. டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வந்தால் அங்கே பத்தரை, அம்மா தூங்கியிருப்பார்கள். தை மாதம் இங்கே பரீட்சை நெருங்கும். அங்கே சம்பா அறுப்பு, அறுவடை வண்டி வரவில்லை, மழை பிடித்துவிட்டது என்று அப்பா போனில் புலம்புவார். போனை வைத்த பிறகு யாரிடம் போய்ச் சொல்வது, வரிசையாகச் சாத்திக் கிடக்கும் கதவுகளிடமா? எனக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொடுத்தவன் நீடாமங்கலத்துக்காரன். காசும் மிச்சம்தான். ரேடியோ டிவி கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று என்பதால் ஐந்தாகப் பிரித்துக்கொள்கிறோம்.

அரசலாறு: ரசத்துக்கு நான் எதிரி இல்லை. சனிக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். ஆனால் அந்த வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். ஒருவன் கிடங்கில் இரவு வேலைக்குப் போனால் எல்லாரும் போவார்கள். வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு இருக்கிறது. அதை எப்படித் தாண்டுவது என்பதுதான் ராத்திரிப் பேச்சு. அப்புறம் காலை வகுப்புக்கு எவன் எழுந்திருப்பான்? அரியர் வைத்து, வைத்து எழுதிப் பழகியவர்கள் நாம். ஜெர்மனியில் பல படிப்புகளில் ஒரு பாடத்தில் மூன்றாம் முறையும் தவறினால் அந்தப் படிப்பையே தொடர முடியாது.

குடமுருட்டி: வேலை பார்ப்பதைக் குற்றம் மாதிரி பேசுகிறீர்களே. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வரம்புக்குள் பார்த்தாலே மாத வட்டியைக் கட்டிவிடலாம். வட்டியைப் படிக்கும்போதே கட்டி வந்த பிள்ளைகளின் பெற்றோர் கடைசியில் வங்கி வாசலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வெண்ணாறு: திருவாரூரிலிருந்து ஓர் அம்மா. என் மகளுக்குத் தமிழ்ப் பெண்கள் இருக்கும் வீடு கிடைக்கவே இல்லை, அதனால் விடுதி. முதல் மாதம் தினமும் அழுகை. இப்போது ஈரான் நாட்டுப் பெண் ஒருத்தியோடு சேர்ந்து சமைக்கிறாள். கடுகு தாளித்ததில் புகை மணி அடித்து மாடி முழுக்க வெளியே ஓடியதாம், அன்றைக்குத்தான் எல்லாரும் பழக்கமானார்களாம்! அது இருக்கட்டும். தம்பி, அந்தப் பசங்க வீட்டில் உன் பேரை நகராட்சியில் பதிய முடியுமா? அதை முதலில் கேள்.

அரசலாறு: அம்மா கேட்டதுதான் முக்கியம். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். போகும்போது கையில் இருக்கும் விசா சில மாதத்துக்குத்தான்; வசிப்பு அனுமதி வாங்கப் போனால் இந்தப் பதிவைக் கேட்பார்கள்.

பாமணியாறு: பசங்களிடம் கேட்டேன். ஒப்பந்தத்தில் இரண்டு பேர் பெயர்தான் இருக்கிறதாம். "வேறு ஒரு நண்பன் முகவரியில் பதிந்துகொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான்" என்கிறார்கள்.

வெட்டாறு: அப்படியானால் போகாதே. குடியிருக்காத முகவரியில் பதிவது சட்டப்படி தப்பு, அபராதம் வரும். எங்கள் வீட்டில் ஐந்து பேரும் ஒப்பந்தத்தில் இருக்கிறோம். அதை வைத்துத்தான் நான் பேசினேன்.

குடமுருட்டி: அது அந்த ஒரு வீட்டின் கோளாறு. ஒழுங்காகப் பதிந்து தரும் தமிழ் வீடு கிடைத்தால் அப்போதும் நான் சொன்னதுதான் சரி.

பாமணியாறு: விடுதிக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் பதிவு விஷயத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். வாடகை வித்தியாசத்துக்கு வந்ததும் வேலை தேடலாம் என்று இருக்கிறேன்.

அரசலாறு: முதல் செமஸ்டர் பரீட்சை முடியும்வரை வேலைப் பக்கமே போகாதே. மொழி வகுப்பில் சேர். பிப்ரவரிக்கு மேல் தேடு, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளர் வேலை கிடைக்கிறதா என்று பார்.

குடமுருட்டி: பிப்ரவரி வரை வட்டியை யார் கட்டுவது, அரசலாறு? நீங்களா?