மன்னார்குடியில் ஓர் ஓ.எம். 617: டர்போ என்ஜினுக்குப் பாகம் தேடிய அனுபவங்கள்

மன்னார்குடியிலிருந்து:

டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. இறக்குமதியான பழைய டர்போ வண்டிக்குப் பாகம் எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்காக என் அனுபவத்தை முழுதாக எழுதிவிடுகிறேன். ஒன்றரை வருடம் தவறான வாசல்களைத் தட்டியவன் நான். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம்.

வண்டி 1983ஆம் வருடத்து மெர்சிடிஸ் 300டி டர்போடீசல். ஓ.எம். 617 என்பது அதன் டீசல் என்ஜினின் பெயர். தில்லியில் ஒரு தூதரகத்துக்காக ஓடி ஏலத்துக்கு வந்தபோது பெரியப்பா எடுத்தது, இடப்பக்க ஸ்டீயரிங். அவர் காலமான பிறகு எங்கள் அரிசி ஆலையின் தவிட்டுக் கொட்டகையில் பதினொரு வருடம் நின்றது. 2021இல் என்ஜினைப் பிரித்தபோது இரண்டு சிலிண்டர்களில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கிடந்தது. டர்போவின் தண்டு விரல் பட்டாலே ஆடியது.

பழுது பார்ப்பதோடு நிறுத்த மனமில்லை. இதே ஐந்து சிலிண்டர் என்ஜினை வைத்துத்தான் மெர்சிடிஸ், சி111 சோதனைக் காரை 1978இல் இத்தாலியின் நார்தோ வட்டப்பாதையில் 230 குதிரைத்திறனோடு ஓட்டி உலகச் சாதனைகள் படைத்தது. அந்தக் காரில் இன்டர்கூலர், அதாவது டர்போ தள்ளும் சூடான காற்றை ஆறவைக்கும் கருவி, இருந்தது. சாலைக்கு விற்ற வண்டியில் அது இல்லை, திறனும் 120 சொச்சத்தோடு நின்றுவிட்டது. நம் ஊர் சித்திரை வெயிலில் டர்போ கொதிக்கக் கொதிக்கக் காற்றைத் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஒரு பொருளின் அருமை புரியும். அதைச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "ஐந்து சிலிண்டர் பென்ஸா? கிடைக்காது" என்றார்கள். வழி திறந்தது கும்பகோணத்தில். நவகிரகக் கோயில்களுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டெம்போ டிராவலர் வேன்களைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம், ரிங் கழற்றும் கருவி இரவல் கேட்கப் போயிருந்தேன். என் பையில் இருந்த ராக்கரை, அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் பாகத்தை, கையில் எடுத்தார். தன் மேசையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தன.

"தம்பி, இது நம் டிராவலர் என்ஜினுக்கு அண்ணன். ஒரு சிலிண்டர் கூடுதல், அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இன்று ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் பஜாஜ் டெம்போ, மெர்சிடிஸின் ஓ.எம். 616 டீசல் என்ஜினை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. 616க்கு நான்கு சிலிண்டர், 617க்கு ஐந்து. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 90.9 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 92.4 மி.மீ. பழைய பாகத்தைக் கழுவி, அதில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 615 அல்லது 616 என்று தொடங்கினால் பெரும்பாலும் அது முந்தைய என்ஜின்களோடு பொதுவான பாகம். டெம்போ கடையில் கேட்கலாம். என் வண்டிக்கு ராக்கர், வால்வு சீல், ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் குளோ பிளக் மூன்றும் கும்பகோணத்திலேயே முடிந்தன.

ஆனால் இந்த உறவை நம்பி எல்லாவற்றையும் மாட்டிவிடாதீர்கள். டர்போ 617இன் உள்ளுறுப்புகள் வேறு. அதன் பிஸ்டனைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் எண்ணெய் புகும் துளை தெரியும். கீழிருந்து ஒரு ஜெட் எண்ணெயைப் பீய்ச்சி பிஸ்டன் தலையைக் குளிர்விக்கிறது. புகைவழி வால்வின், அதாவது எரிந்த புகையை வெளியே விடும் வால்வின், தண்டு உள்ளே குடைந்தது, அதில் சோடியம். வால்வு இடைவெளிகூட மாறும்: டர்போ இல்லாததில் புகைவழிக்கு 0.30 மி.மீ., டர்போவுக்கு 0.35.

நான் ஏமாந்தது இந்த வால்வில்தான். சென்னையில் ஒரு கடைக்காரர் "டர்போவுக்கான அசல்" என்று ஐந்து வால்வுகளைக் கொடுத்தார். எண் இருக்க வேண்டிய இடம் பளபளவென்று தேய்க்கப்பட்டிருந்தது. மனம் ஒப்பவில்லை. எங்கள் தெரு நகைக்கடைத் தராசில் பழைய வால்வு ஒன்றையும் புதியது ஒன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சோடியம் இரும்பைவிடப் பல மடங்கு இலேசானது. உள்ளே குடைந்த தண்டு எடை குறைவாகத்தான் காட்ட வேண்டும். புதியது நன்றாகவே கனத்தது, முழுத் தண்டு. ஐந்தையும் திருப்பிக் கொடுத்தேன், பணம் பாதிதான் வந்தது. பிறகு வால்வுகளையும் பிஸ்டன் செட்டையும் ஜெர்மனியிலிருந்து புதிதாகவே வரவழைத்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய சோடியம் வால்வை அறுக்கவோ காயலான் கடையில் போடவோ வேண்டாம். தண்ணீர் பட்டால் சோடியம் தீப்பற்றும்.

டீசல் பம்ப் விஷயத்தில் டெல்டாக்காரர்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை என்பேன். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடும் ஊர்களில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அளந்து அனுப்பும் வரிசைப் பம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கும் கைகள் இருக்கின்றன. தஞ்சாவூரில் ஒரு பெரியவர் நாற்பது வருடமாக இதே வேலை செய்கிறார். என் பாஷ் பம்பைச் சோதனை மேசையில் ஏற்றி ஓட்டினார். ஐந்து கண்ணாடிக் குழாய்களில் டீசல் சொட்டுச் சொட்டாக ஏறியது. மூன்றாவது குழாய் மட்டும் மற்றவற்றுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது. அவர் எதுவும் பேசவில்லை; அந்தக் குழாய்க்கு டீசல் தள்ளும் எலிமெண்டைத் தளர்த்தி மயிரிழை அளவு திருப்பி மறுபடி ஓட்டினார். நான்காவது முறையில் ஐந்தும் ஒரே கோட்டில் நின்றன.

அசல் எலிமெண்டின் விட்டம் 5.5 மி.மீ. வடக்கு ஐரோப்பாவில் 7.5 மி.மீ. எலிமெண்ட் போட்டுத் திறனை இரண்டு மடங்குக்கு ஏற்றுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. பெரியவர் மறுத்துவிட்டார். "காற்றைக் கூட்டாமல் டீசலைக் கூட்டினால் கரிதான் மிஞ்சும். முதலில் காற்றைக் கொண்டு வாருங்கள்" என்றார். அவர் பேச்சைக் கேட்டது நான் செய்த மிகச் சரியான காரியம்.

காற்றுக்காகச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளுக்குப் போனேன். விபத்தில் நொறுங்கிய ஓர் உள்நாட்டு ஜீப்பின் இன்டர்கூலர், விளிம்பு மட்டும் நசுங்கியிருந்தது. வாய்களை அடைத்துக் காற்றேற்றி, ஆலையில் நெல் ஊறப்போடும் தொட்டியில் அமிழ்த்தினோம். ஒரு பற்றவைப்பு மூலையிலிருந்து கடுகளவு குமிழிகள் மாலைபோலக் கோத்துக்கொண்டு மேலே வந்தன. அந்த இடத்தை அலுமினியம் பற்றவைப்பவரிடம் கொடுத்து அடைத்தேன். டர்போவை அறுவடை இயந்திரங்களுக்கு வேலை செய்யும் பட்டறையில் புதுப்பித்தேன். தை அறுவடை முடியும்வரை அவர்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. வேலை முடிந்தபின் சுழலியைக் கட்டாயம் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குமேல் சுழலும் பொருளில் மயிரிழைப் பிசகும் எமன்தான்.

இப்போது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் 0.7 பாரிலிருந்து 1 பாருக்கு ஏறியிருக்கிறது. புகை வெப்பமானி பொருத்தியிருக்கிறேன். எதையும் மாற்றுவதற்கு முன்பே இதை மாட்டிவிடுங்கள். திருச்சி நெடுஞ்சாலையில் முழு மிதியில் முன்பு 700 டிகிரியைத் தாண்டிய முள், இப்போது 630 பக்கத்தில் நிற்கிறது.

திருவாரூரிலிருந்து:

என் வண்டி வால்வோ 240 டர்போ, பெட்ரோல். அதில் இருப்பது கேரட் நிறுவனத்தின் டி3 ரக டர்போ. நான் செய்த தவறு, ஐரோப்பாவிலிருந்து பழைய டர்போ ஒன்றை மலிவாக வாங்கியது. பொருள் சென்னை சுங்கத்தில் நின்றுவிட்டது. பயன்படுத்திய உதிரிபாகங்களை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு மாதம் நடந்தும் பொருள் கைக்கு வரவில்லை. பிறகு டர்போவின் நடுப்பகுதியை மட்டும் புதிதாக வாங்கி, பழைய கூட்டுக்குள் பொருத்தினேன். புதிய பொருள் என்பதும் பாக எண்ணும் விலையும் பில்லில் தெளிவாக இருந்ததால் நான்கே நாளில் வந்துசேர்ந்தது. மலிவு என்று பழையதை வரவழைத்துவிடாதீர்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:

நான் விசைப்படகு என்ஜின் வேலை செய்பவன். மன்னார்குடி நண்பருக்கு ஒன்று கேட்க வேண்டும்: டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் நேராகக் கீழே இறங்குகிறதா? படகில் நான் பார்த்த பல டர்போக்கள் புகைவது அந்தக் குழாய் வளைந்து கிடப்பதால்தான். எண்ணெய் அங்கே அழுத்தத்தில் ஓடாது, தானாக வடிய வேண்டும். வளைவில் தேங்கினால் சீலைத் தாண்டிக் காற்றுப் பக்கம் கசியும். இணைப்புகளுக்குப் புதிய செம்பு வாஷர் கிடைக்காவிட்டால் பழையதையே சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள், மெத்தென்று ஆகிவிடும். இன்டர்கூலருக்குச் சாதாரண ரப்பர் ஹோஸ் போட்டிருந்தால் மாற்றுங்கள், சிலிக்கோன் ஹோஸ்தான் வெப்பம் தாங்கும். வண்டியை நிறுத்தியதும் அணைக்காமல் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

நாகை நண்பருக்கு மிக்க நன்றி. உங்கள் குறிப்பைப் படித்ததும் கொட்டகைக்கு விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். இன்டர்கூலருக்கு இடம் விடுவதற்காக அந்தக் குழாயை நான்தான் பக்கவாட்டில் வளைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகக் காலையில் வரும் நீலப் புகைக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

தனியே கேட்ட இருவருக்கு: என்ஜினையே வேறொன்றாக மாற்றும் யோசனையை நான் எடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. என் என்ஜினும் அதன் எண்ணும் பெரியப்பா வாங்கியபோது இருந்தவையே.

நாளை அந்தக் குழாயைக் கழற்றி நேராக்கிவிட்டுப் படம் போடுகிறேன். மேட்டூர் திறந்து குறுவைக்கு டிராக்டர்கள் வரிசை கட்டுவதற்குள், பம்ப் பட்டறைப் பெரியவரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.