முன்பணம் கட்டி வாரக்கூடை வாங்குனவங்க உங்க அனுபவத்தச் சொல்லுங்க

கோவைக்காரி
கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்துல சீசனுக்கு முன்பணம் கட்டிச் சேந்திருந்தோம், வாரம் ஒரு கூடை, என்ன வெளையுதோ அது, உங்களுக்கே தெரியும். கீரை, கத்திரி, அரசாணிக்காய்னு ஒழுங்காத்தான் வந்துட்டிருந்துச்சு. 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயத் தாண்டுச்சு பாருங்க, அப்பத்தான். கூடைல ஆறே ஆறு தக்காளி. சரி, பூ உதுந்திருக்கும்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை புள்ளைங்களக் கூட்டிட்டு தோட்டத்துக்குப் போனா சாளை வீட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன யானை வண்டி நிக்குது, பின்னாடி பூரா தக்காளிப் பெட்டி. தோட்டத்துக்கார அக்கா என்னப் பாத்ததும் "வாங்க கண்ணு, மோர் குடிக்கறீங்களா"ன்னாங்க. குடிச்சேன். வண்டியப் பத்தி அவங்களும் பேசல, நானும் கேக்கல. மோர் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பாங்கன்னு இன்னும் ஓடிட்டே இருக்கு.

தொண்டாமுத்தூர் ரோடு
ஏனுங்க, தக்காளிய வாங்க ஆளில்லாம ரோட்டோரம் கொட்டறாங்களே, அப்ப நீங்க ரெண்டு கிலோ சேத்து எடுத்தீங்களா? நாம பணம் கட்டறது தக்காளிக்கு இல்லீங்க, தோட்டத்துக்கு. நட்டத்துல பங்குன்னுதான சேந்தோம். எங்களுக்கு சித்திரைல அடிச்ச காத்துல நேந்திரன் பூராம் சாஞ்சு போச்சு, கூடையத் தொறந்தா வாழைத்தண்டு, அடுத்த வாரம் பூவும் பிஞ்சுக்காயும், மறுபடி தண்டு. வீட்டுக்காரர் "மாட்டுக்குப் போடறத நமக்கு அனுப்பிட்டாங்களா"ன்னு சத்தம் போட, கொண்டாந்த அண்ணன் இன்னும் கேட்லயே நிக்கறாரு. காதுல விழுந்துருச்சு. ஒண்ணும் சொல்லாம பழைய கூடைய எடுத்துட்டுப் போனாரு பாருங்க, எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

ஈரோட்டு மாமா
நம்முளுது சின்னதுதான். கோபி பக்கத்துத் தோட்டம், கூடைல பண்ணைக்கீரை வந்துச்சு, மருமக களைன்னு நெனச்சு குப்பைல போட்டுட்டா, நான் பொறுக்கி எடுத்துக் கடைஞ்சு தின்னேன். அத விடுங்க. புதுசா சேர்றவங்க மொதல்ல கெணறா வாய்க்காலான்னு கேளுங்க. கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி வழக்கமா ஆகஸ்ட் 15 வாக்குலதான் தொறப்பாங்க, அதுக்கு முன்னாடி கூடை நெறையணும்னா எப்படி? ஆடிப்பட்டத்துல போட்ட அவரை, மொச்சைக்கு மார்கழி, தை வரைக்கும் பொறுக்கோணும். இயற்கை வெவசாயம்னு சொன்னா பி.ஜி.எஸ். சான்று இருக்கான்னு பாருங்க, வெவசாயிங்களே குழுவாச் சேந்து ஒருத்தர் தோட்டத்த ஒருத்தர் பாத்துக் குடுக்கறது அது. எத்தன குடும்பத்துக்குப் பிரிக்கறாங்க, வெளிய விக்கறதுண்டா, வெல ஏறுனா நம்ம பங்கு எவ்வளவு, எல்லாம் ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க. ஜப்பான்ல 1970கள்லயே தெய்கெய்னு இதே மாதிரி நடத்துனாங்க, அமெரிக்கால 1986ல ஆரம்பிச்சாங்க, அங்கயும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் செய்யறாங்க. அப்புறம் கீரைய பிளாஸ்டிக் கவர்ல வெக்காதீங்க, ஈரத்துணில சுத்துங்க.

போத்தனூர்
மாமா, நோட்டுல கையெழுத்துக் கேட்டா எந்தத் தோட்டத்துக்காரர் நம்மள உள்ள விடுவாரு. அதுக்கு உழவர் சந்தைக்கே போயிரலாம்.

கோவைக்காரி அக்கா, ஓட்டு வீடு, வாசல்ல பெரிய புளியமரம், அந்தத் தோட்டமுங்களா? எங்களுக்கும் அந்த வாரம் தக்காளி கம்மிதான். ஆனா அடுத்த வாரம் கேக்காமயே சின்ன வெங்காயம் அள்ளி வெச்சிருந்தாங்க. உங்களுக்கு வந்துச்சா?