பேய்ப்பட ட்ரெய்லர்ல நிஜமாவே பயமுறுத்தறது எது?

ராத்திரி_கட்:
ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு ஹாரர் குறும்படம் முடிச்சிருக்கோம், ட்ரெய்லர் கட் பண்ற வேலை என்கிட்ட வந்திருக்கு. டீம்ல ஒருத்தன் பேய் முகத்தைக் காட்டியே ஆகணும் இல்லன்னா யாரும் க்ளிக் பண்ண மாட்டாங்கன்றான், இன்னொருத்தன் காட்டிட்டா படத்துல என்னடா மிச்சம்ன்றான். சில ட்ரெய்லர் பார்த்தா ராத்திரி பாத்ரூம் போகவே யோசனையா இருக்கு, சிலது டமால் டமால்னு சத்தம் போட்டுட்டு போயிடுது, அடுத்த நிமிஷம் மறந்துடுது. இந்த வித்தியாசம் எங்க இருந்து வருதுன்னு சொல்லுங்களேன்.

கோடங்கி:
முகம் காட்டறதா வேணாமாங்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க ப்ரோ. ட்ரெய்லர் பார்க்கறவனுக்கு உங்க கதையும் தெரியாது, கேரக்டர் மேல பாசமும் கிடையாது, படத்துல ஒரு மணி நேரம் ஏத்தற டென்ஷனை இங்க ரெண்டு நிமிஷத்துல ஏத்தணும். அதுக்கு ஒரே வழி, முதல்ல அவனுக்கு ஒரு விளையாட்டைக் கத்துக்குடுத்துட்டு அப்புறம் அதே விளையாட்டுல அவனை மாட்டிவிடறது.

2013ல வந்த கான்ஜுரிங் டீசரை இன்னொரு தடவை ஹெட்ஃபோன் போட்டு பாருங்க. அம்மா கண்ணைக் கட்டிக்கிட்டு பொண்ணைத் தேடறாங்க, ஒளிஞ்சிருக்கற பொண்ணு கைதட்டணும், அந்த சத்தத்தை வெச்சு கண்டுபிடிக்கணும், அவ்ளோதான். பீரோவுக்குள்ள இருந்து ரெண்டு கை மட்டும் வெளிய வந்து தட்டுது, அம்மாவுக்குத் தெரியல, நமக்குத் தெரியுது. அப்புறம் இருட்டுல, அடித்தள ரூம்ல, கையில தீக்குச்சியோட அவங்க தனியா மாட்டிக்கும்போது அடுத்து என்ன வரப்போகுதுன்னு நமக்கு நல்லாவே தெரியும், தெரிஞ்சும் முகத்துக்குப் பக்கத்துல அந்தக் கை வந்து தட்டும்போது தூக்கிவாரிப் போடுது. வெறும் கைதட்டல்ங்க. நம்ம வீட்டுக் குழந்தை தட்டற அதே கைதட்டல்.

2017ல வந்த 'இட்' பட ட்ரெய்லர்லயும் பாருங்க, ஸ்லைடு புரொஜெக்டர் தானா க்ளிக் க்ளிக்னு மாறுது, குடும்ப போட்டோல அம்மா முகத்தை முடி மறைச்சிருக்கு, ஒவ்வொரு க்ளிக்குக்கும் முடி விலகிட்டே போகுது, முழுசா விலகினா அங்க அம்மா இல்ல. 24 மணி நேரத்துல 19.7 கோடி தடவை பார்த்திருக்காங்க, அப்போ அது ரெக்கார்டு.

மிக்ஸிங்_ரூம்:
சவுண்ட் பத்தி நான் சொல்றேன், என் பொழப்பே அதுதான். அமெரிக்காவுல தியேட்டர் ட்ரெய்லருக்கு டாஸான்னு ஒரு அமைப்போட லிமிட் இருக்கு, 85 டெசிபல், ஆனா அது ட்ரெய்லர் முழுக்கச் சேர்த்து எடுக்கற சராசரி. அதனால முக்கால்வாசி நேரம் அமைதியா வெச்சா கடைசி அடியை நல்லாவே பெருசா அடிச்சுக்கலாம், ஹாரர்ல அந்த அமைதி பயத்துக்கும் உதவுது கணக்குக்கும் உதவுது. உங்களுக்கு யூடியூப்தானே? அங்கயும் கிட்டத்தட்ட இதே கதைதான், மொத்தமும் சத்தமா ஏத்தினா -14 எல்யுஎஃப்எஸ் (மொத்த சத்தத்தோட சராசரியை அளக்கற யூனிட்) பக்கத்துக்கு அவங்களே எல்லாத்தையும் சேர்த்து இறக்கிடுவாங்க, உங்க டமாலும் சேர்ந்து சப்புன்னு ஆயிடும். அப்புறம் அந்த ஆழமான உறுமல் சவுண்டை நம்பாதீங்க, போன் ஸ்பீக்கர்ல அது கேட்கவே கேட்காது. அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட், ரூம் டோன் (யாரும் பேசாதப்போ ரூம்ல இருக்கற மெல்லிய இரைச்சல்) கூட விடாம, எல்லாத்தையும் சுத்தமா கட் பண்ணுங்க, பார்க்கறவன் தானா மூச்சைப் பிடிச்சுக்குவான்.

பழைய_டாக்கீஸ்:
கோடங்கி சொல்றது சரிதான், ஆனா "ஒரே வழி"ங்கறதை ஒத்துக்க முடியாது. 1980 ஷைனிங் டீசர்ல விளையாட்டும் இல்ல விதியும் இல்ல. ஒரே ஷாட். கேமரா அசையவே இல்ல, ஒரு ஹோட்டல் லிஃப்ட் வாசல், ரெண்டு சிவப்புக் கதவு, பக்கத்துல ஃபர்னிச்சர், மேல பேரு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு, மியூசிக் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா நரம்பைக் கிள்ளுது. என்னதான்டா நடக்கப்போகுதுன்னு கதவையே முறைச்சுப் பார்த்துட்டு இருக்கும்போது ரத்தம் ஆறு மாதிரி ஸ்லோ மோஷன்ல கொட்டி ஃபர்னிச்சரைத் தள்ளிட்டு வந்து கேமரா மேலயே அடிக்குது. அப்போ ட்ரெய்லர்ல ரத்தம் காட்ட விடமாட்டாங்க, அது துருப்பிடிச்ச தண்ணின்னு சொல்லித்தான் டைரக்டர் குப்ரிக் அனுமதி வாங்கினார்னு சொல்வாங்க. இன்னிக்கு இருக்கற ட்ரெய்லர்ல ஒரு ஷாட் ரெண்டு செகண்ட் நிக்கறதில்ல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம், பயம் உள்ள இறங்கறதுக்கே டைம் குடுக்கறதில்ல.

ராத்திரி_கட்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், நோட் பண்ணிட்டேன். அப்போ முகம்? எங்க படத்துல பாழுங்கிணத்துல ராட்டினம் தானா சுத்தற சத்தம் திரும்பத் திரும்ப வரும், கடைசியிலதான் முகம்.

கோடங்கி:
அண்ணன் சொன்னதை ஒத்துக்கறேன், ஷைனிங் தனி ரகம்தான்.

முகத்தைக் காட்டாதீங்க ப்ரோ. 2024ல லாங்லெக்ஸ் வந்தப்போ நிக்கோலஸ் கேஜ் மாதிரி பெரிய நடிகரை வெச்சுக்கிட்டே ட்ரெய்லர்ல முகத்தை முழுசா காட்டாம மறைச்சாங்க, அவர் எப்படி இருப்பார்னு பார்க்கறதுக்கே ஜனம் டிக்கெட் எடுத்துச்சு. கையில ராட்டினத்தை வெச்சுக்கிட்டு முகத்தைப் பத்தி ஏன் யோசிக்கறீங்க? பகல்ல யாரோ தண்ணி இறைக்கற சத்தமா அதை முதல்ல கேட்க விடுங்க, ரெண்டாவது தடவை கயிறே இல்லாத ராட்டினத்தைக் காட்டுங்க.

பழைய_டாக்கீஸ்:
அதேதான். 1960ல சைக்கோ ட்ரெய்லருக்கு டைரக்டர் ஹிட்ச்காக் கதை நடக்கற மோட்டலையும் வீட்டையும் ஆறு நிமிஷத்துக்கு மேல சாவகாசமா சுத்திக் காட்டுவார், இங்கதான் நடந்துச்சுன்னு பாதி சொல்லி பாதியை முழுங்கிடுவார், கடைசியில ஷவர் திரையை இழுத்ததும் ஒரு பொண்ணோட அலறல். அதுவும் படத்துல அங்க நடிச்ச ஜேனட் லீ இல்ல, அதே படத்துல நடிச்ச இன்னொரு நடிகை, விக் வெச்ச வேரா மைல்ஸ். உங்க கிணத்தடியை அந்த மாதிரி சுத்திக் காட்டுங்க தம்பி, குடம், துவைக்கற கல்லு, பாசி, எல்லாம் பகல் வெளிச்சத்துலயே.

மிக்ஸிங்_ரூம்:
ராட்டினம் சத்தத்தை லைப்ரரில இருந்து எடுக்காதீங்க, நிஜ கிணத்துல போய் ரெக்கார்ட் பண்ணுங்க, துரு ஏறின இரும்பு ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு இடத்துல மட்டும் கிறீச்னு பிடிக்கும், அது வேணும். ரஃப் கட் ரெடியானதும் இங்கயே போடுங்க, லெவல் பார்த்து சொல்றேன்.