காலையில் குதிகாலைத் தரையில் வைக்கவே முடியவில்லை

கேள்வி:
துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஊசி குத்துவது போல வலி, கொஞ்சம் நடந்தால் குறைகிறது, மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே கதை. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் வரை போகுமா? பயமாக இருக்கிறது.

பதில் 1:
பயப்படாதீங்க அக்கா. நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளான்டர் ஃபேசியைடிஸ் மாதிரி இருக்கிறது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஓடும் தடித்த சவ்வு ராத்திரி இறுகிக் கிடந்து, முதல் அடியில் சட்டென்று இழுபடுவதால்தான் அந்தக் குத்தல். உங்களுக்குச் சொன்ன அந்த எலும்பு வளர்ச்சி, அதாவது எலும்பு முள், வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் தெரியும், ஆபரேஷன் ரொம்ப அரிது. கட்டிலை விட்டு இறங்கும் முன்பே அந்தக் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் மேல்பக்கமாக இழுத்து 10 எண்ணும்வரை பிடியுங்கள், இப்படி 10 தடவை. அப்புறம் சுவரில் கை ஊன்றி கெண்டைக்காலையும் நீட்டுங்கள். குணமாக மாதக்கணக்கில் ஆகலாம், விட்டுவிடாதீர்கள்.

பதில் 2:
டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். கடையில் உட்கார ஸ்டூல் கேளுங்கள், தமிழ்நாட்டில் 2021 சட்டத் திருத்தப்படி அது உங்கள் உரிமை.

பதில் 3:
சர்க்கரை இருக்கிறதா? பாதம் மரத்துப்போவது, வீக்கம், படுத்திருக்கும்போதும் வலி என்று எதுவும் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலி குறையட்டும் என்று மரத்த காலில் ஐஸ் வைக்கவே கூடாது.